பாதை நிக்குது

அன்று பிற்பகல் மூன்று இருபதுக்கு எங்கள் கந்தோரின் ரெலிபோன் அடித்தது. நான் துறைமுகக் களஞ்சியத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். காலையிலிருந்தே அந்த ரெலிபோனைப் பார்த்தபடி இருந்ததால் மற்றவர்கள் எழும்புவதற்குள் நானே போய் எடுத்தேன். கிண்ணியா தபாற்கந்தோரிலிருந்து என் மனைவியின் தமையன் பேசினார்.

"மச்சான், நாங்கள் துறையடிக்கு வந்திட்டம். பிள்ளை லொறியிலதான் இருக்கிறாள். பாதை நிக்குது. நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்."

"நோ ஏதும் எண்டு சொன்னவளோ?"

"நோ எண்டு என்னட்டைச் சொல்லேல்லை."

லைன் அறுந்துவிட்டது. மகளுக்கு நிறைமாதம்; பிள்ளைப்பேற்று வலியைத்தான் நோ என்று கேட்டேன். நான் ரெலிபோனை வைத்துவிட்டுச் சிரித்திருக்க வேண்டும். அறைக்குள்ளிருந்த பெரியவர், எங்கள் மேலதிகாரி, "என்ன, மகள் வந்திட்டாவோ?" என்று கேட்டார்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. மழை விடாமல் பெய்துகொண்டிருந்த மார்கழி அது. மகளைக் கொண்டுவருவதில் தடங்கல் ஏதும் வந்தால் துறைமுகத்தின் மோட்டார்ப் படகை, நாங்கள் லோஞ்ச் என்பதை, கிண்ணியாவுக்கு அனுப்புவதாக அவர் காலையில் எனக்கு வாக்குத் தந்திருந்தார். நாலு மணிக்குள் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு காற்று எப்படி இருக்குமென்று தெரியாது என்றும் சொல்லியிருந்தார்.

"லோஞ்ச் தேவையில்லை சேர்," என்றேன். "பாதை நிக்குதாம்."

"அப்ப நல்லது," என்றார்.

எங்கள் பகுதியைத் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கிண்ணியாவுக்கும் எங்கள் கரைக்கும் நடுவே கடல் உள்ளே புகுந்து கிடக்கிறது. பாலம் இல்லை. லொறியையும் பஸ்ஸையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு கடக்கிற அகலமான மிதவையைத்தான் நாங்கள் பாதை என்கிறோம். பாதை நிக்குது என்றால் துறையடியில் ஏறுவதற்கு ஆயத்தமாக நிற்கிறது என்று ஒரு பொருள். ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள் என்பது மற்றப் பொருள். எது என்பதைச் சொல்பவரின் முகம் காட்டிவிடும். எங்களில் யாரும் அதில் பிழை விடுவதில்லை. ரெலிபோனில்தான் முகம் இல்லை.

மகள் எங்களுக்கு ஒரே பிள்ளை. எதிர்க்கரைக்கு அப்பால், கிளிவெட்டியில் கட்டிக் கொடுத்திருந்தோம். அங்கேயே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தாள். தலைப்பிள்ளைப்பேறு தாய்வீட்டில்தான் என்று என் மனைவி நாள் பார்த்திருக்க, அவள் பரீட்சைத் தாள் திருத்தி முடிக்கட்டும், லீவு தொடங்கட்டும் என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் வெள்ளம் வந்துவிட்டது. மருமகன் வயல் வரம்பை விட்டு அசைய முடியாத நிலை. திறந்த குடாவைக் கடக்கிற மூதூர் லோஞ்சும் கடல் கொந்தளிப்பால் ஓடவில்லை. அந்த நேரத்தில்தான் தாய்மாமன் தானாகவே முன்வந்தார். கிளிவெட்டிப் பக்கம் விறகு ஏற்றப் போகிறேன், வரும்போது பிள்ளையைக் கூட்டிவருகிறேன் என்றார். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவரைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபமில்லை. இருபது வருடம் என் வீட்டுக் குசினியில் உரிமையோடு உட்கார்ந்து சாப்பிட்ட மனிதர்.

அவருக்குக் காசு செலவழிப்பதில் ஆசை இருந்ததில்லை. கரை நைந்த சாரம்தான் உடுப்பார். கால் உடைந்த கதிரையைக் கயிற்றால் கட்டி அதிலேயே இருப்பார். லாபம் வருகிற அந்த நிமிடம்தான் அவருக்கு வேண்டும். வெள்ளைக்காரர் தங்கள் கடற்படைத் தளத்தை விட்டுப் போனபோது கழித்த கயிறும் படங்கும் வாங்கித் தொடங்கியவர். பிறகு மீன், மாடு, மண்ணெண்ணெய் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. சாவீடுகளுக்குக் கதிரை வாடகைக்கு விட்டார். ஊரில் யாராவது கடுமையாகப் படுத்தால் தோடம்பழத்தோடு முதலில் போய் நிற்பவர் அவர்தான். நோயாளியிடம் அன்பாகத்தான் பேசுவார். ஆனால் கண் முற்றத்தை அளக்கும்.

அவர் பொய் சொல்ல மாட்டார். இதுதான் அவரிடம் நாங்கள் எல்லோரும் ரசித்த விஷயம். "காலமை வந்த மீன்" என்பார். எந்தக் காலமை என்று கேட்பது வாங்குகிறவரின் பொறுப்பு. கறவை வற்றிய மாட்டை விற்கும்போது, "இந்த மாட்டின்ர பாலிலை ஒரு குறை நான் கண்டதில்லை" என்றார். மகள் பெரியபிள்ளையானபோது தாய்மாமன் சீராக ஒரு சங்கிலி கொண்டுவந்தார். சபையில் எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "பாருங்கோ, என்ன மஞ்சள்" என்றார். ஒரு வருடத்தில் அது கறுத்துப்போனது.

"பவுண் எண்டெல்லோ நினைச்சம்," என்று நான் கேட்டபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"நான் பவுண் எண்டு சொன்னனானோ மச்சான்? மஞ்சள் எண்டுதானே சொன்னனான். நீர் படிச்ச மனிசன், சொல்லைக் கவனிக்க வேண்டாமோ?"

மனைவியும் சிரித்தாள். "அண்ணை பொய் சொல்லேல்லைத்தானே," என்றாள். அதைக் கேட்டு மகளும் சிரித்தாள். அந்தக் கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்த வீடு எங்களுடையது.

அன்று ஐந்து மணிக்கு நான் வீட்டில் இருந்தேன். மனைவி வெந்நீருக்கு அடுப்பு மூட்டி, அறையில் பாய் விரித்து, பழைய வெள்ளைச் சேலைகளைக் கிழித்து மடித்து வைத்திருந்தாள். வாசலில் என்னோடு வேலை செய்கிறவர் குடையோடு நின்றார். கிண்ணியாக்காரர், தினமும் கந்தோர் முடிந்து பாதையில் ஊர் திரும்புகிறவர். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"சேர், இண்டைக்கு உங்கட வீட்டில ஒரு மூலை தரவேணும்," என்றார். "பாதை நிக்கிது."

அதே இரண்டு சொற்கள். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"எப்பயிலிருந்து?"

"பகல் பன்னிரண்டு மணிக்கே கட்டிப்போட்டாங்களாம். நீரோட்டம் கூடிப்போச்சு. பாதையை இழுக்கிற கம்பி அறுந்திருமெண்டு பயம். ஏன் சேர், என்ன?"

குசினி வாசலில் மனைவி நின்றாள். நான் அவளுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெரியவரின் வீட்டுக்கு ஓடினேன். அவர் உடனே துறைமுகத்துக்கு வந்தார். லோஞ்ச்காரர் கடலைப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். "மூண்டரைக்குச் சொல்லியிருந்தா ஒரு மணித்தியாலத்தில போயிட்டு வந்திருப்பன் சேர். இப்ப ஏலாது. எனக்கும் பிள்ளைகள் இருக்கு." பெரியவர் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவரைப் பார்க்கவில்லை.

கார் ஒன்று பிடித்து நானும் மனைவியும் கிண்ணியாக்காரரும் துறையடிக்குப் போனபோது வெளிச்சம் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. பாதை எங்கள் கரையில் கட்டிக்கிடந்தது. எதிர்க்கரையில் வாகன வரிசை. வரிசையின் தலையில், தண்ணீருக்கு மிகக் கிட்ட, நீலப் படங்கு போர்த்த அவருடைய லொறி. மனைவி சேலைத் தலைப்பைப் பிடித்து வீசினாள். அந்தத் தூரத்தில், அந்த மழையில், யார் காண்பார்கள்? அவள் இருட்டும்வரை வீசிக்கொண்டிருந்தாள்.

எதிர்க்கரையில் நடந்தவற்றை மகளும் என் கந்தோர் நண்பரின் உறவினரும் பிறகு சொல்லி அறிந்தோம்.

அரிசியை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகத் தடை இருந்த காலம் அது. சந்திக்குச் சந்தி தடை போட்டு லொறிகளைக் கிளறுவார்கள். மார்கழியில் பட்டணத்தில் அரிசி அருமை. ஒளித்துவைத்து ஒரு மூட்டை கொண்டுவந்தாலும் கேட்ட விலை கிடைக்கும். அவருடைய லொறியில் மேலே விறகு, கீழே முழுவதும் அரிசி. நிறைமாதப் பெண் முன்னுக்கு இருக்கிற லொறியை, பாதையைக் கடந்ததும் வருகிற சீனக்குடாத் தடையில் மறித்து யாரும் விறகை இறக்கச் சொல்ல மாட்டார்கள். அவருடைய கணக்கு இவ்வளவுதான். கூட வருகிறேன் என்ற சம்பந்தியம்மாவிடம் முன்னுக்கு இடமில்லை என்றார். அதுவும் பொய்யில்லை. லோஞ்ச் வந்து மகளை ஏற்றிக்கொண்டு போயிருந்தால் அவருடைய லொறி வெறும் விறகு லொறி ஆகியிருக்கும்.

மகளுக்கு இரண்டு மணியளவில் பிள்ளைப்பேற்று நோக் கண்டிருக்கிறது. இடுப்பு உளைகிறது மாமா என்று, லொறி ஓட்டிய சாரதிக்கும் கேட்கும்படி சொல்லியிருக்கிறாள். நோ என்ற சொல்லை அவள் சொல்லவில்லை. அவர் ரெலிபோனில் என்னிடம் சொன்னதும் பொய்யில்லை. துறையடியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்தாளாம்.

"முதலாளி, புள்ளய இறக்கித் தாங்க. எங்கட ஊட்டில கிடத்துவம். மருத்துவிச்சி கிட்டத்தான் இருக்கா. இல்லாட்டி லொறியத் திருப்புங்க, ஆசுப்பத்திரிக்கு விடுங்க."

"திருப்பினால் இடம் போயிடும் தங்கச்சி," என்று சொல்லியிருக்கிறார். "பின்னாலை பத்து வாகனம் நிக்குது. பாதை இப்ப வெளிக்கிடும்."

பாதை இப்ப வெளிக்கிடும் என்பதை அவர் அன்று மாலை முழுவதும் சொன்னார் என்றாள் மகள். நம்பித்தான் சொன்னார் என்றும் சொன்னாள். தண்ணீரைப் பார்த்தபடியே இருந்தாராம். இடையில் ஒருமுறை இறங்கி, தன் சால்வையை நனைத்து வந்து அவளுடைய நெற்றியைத் துடைத்துவிட்டாராம். பாசமில்லாதவர் என்று சொல்லிவிட்டால் எனக்கும் ஆறுதலாக இருக்கும். அதற்கும் அவர் இடம் வைக்கவில்லை.

பன்னீர்க்குடம் முன் சீற்றிலேயே உடைந்தது. பிறகு இரத்தமும். அப்போதும் அவர் திருப்பவில்லை. கடைக்காரப் பெண்ணும் இன்னும் சில பெண்களும் கதவைத் திறந்து மகளைத் தாங்கலாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். மருத்துவிச்சி வந்தார். குழந்தை குறுக்கே கிடந்தது. ஆண் குழந்தை. அழவில்லை.

விடிந்தபோது ஓட்டம் தணிந்திருந்தது. பாதைக்கு முன்னதாக ஒரு வள்ளம் வந்தது. மகளைப் பாயில் கிடத்தி, தலையை அந்தக் கடைக்காரப் பெண் மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் வெள்ளைத் துணியில் சுற்றிய சிறிய பொதி. மனைவி அதை வாங்கி, துணியை விலக்கி, முகத்தைப் பார்த்து, திரும்பவும் மூடினாள். மகள் என் கையைப் பிடித்து, "மாமாவோட கதைக்க வேண்டாம் அப்பா. வீட்டை போவம்," என்றாள்.

வீட்டுக்கு அல்ல, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனோம். அவள் உயிரோடு மிஞ்சினாள். இனிப் பிள்ளை தங்காது என்று டொக்டர் சொன்னார். கிளிவெட்டிக்குத் திரும்பிப் போனாள், படிப்பிக்கிறாள், கடிதம் எழுதுகிறாள். கடிதத்தில் மழை எப்படி, வெள்ளாமை எப்படி என்று எழுதுவாள். நான் கந்தோரில் இன்றைக்கும் யாராவது பஸ் நிக்குது, லைன் நிக்குது என்றால், "ஓடுதோ, ஓடேல்லையோ? தெளிவாச் சொல்லும்," என்று கேட்கிறேன். புதிதாக வந்த பொடியன்கள் தங்களுக்குள் சிரிக்கிறார்கள். மனைவி வீட்டில் அந்தச் சொல்லையே பாவிப்பதில்லை.

அவர் வரவில்லை. மகள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் தாய்மாமனை நாங்கள் எதிர்பார்த்திருந்தோம் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்காதது. காலில் விழுவார், அழுவார், அல்லது எங்களோடு சண்டைக்காவது வருவார் என்று நினைத்தோம். என்ன சொல்வது என்று நான் இரவெல்லாம் சொற்களை அடுக்கி வைத்திருந்தேன். வாசல் படலைச் சத்தம் கேட்டால் மனைவி எழும்புவாள். மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தும் அவர் வரவில்லை.

தைப்பொங்கல் கழிந்து ஒரு மத்தியானம் வந்தார். அதே நைந்த சாரம். கையில் தோடம்பழப் பை. மெலிந்திருந்தார். மகள் உள்ளறையில் படுத்திருந்தாள். மனைவி குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதிரையில் இரும் என்று சொல்லவில்லை. அவர் இருக்கவும் இல்லை.

"என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் மடியிலிருந்து கடதாசியில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். லாபம் கிடைத்த நாட்களில் அவர் முகத்தில் வருகிற அந்தக் கனிவு வந்தது. இந்த முறை கண்ணீரும் சேர்ந்து வந்தது.

"தடையில மறிச்சவங்கள் மச்சான்," என்றார். "முன் சீற்றில இரத்தத்தைக் கண்டிட்டு ஒண்டும் கேட்கேல்லை. தொப்பியைக் கழட்டிப்போட்டுப் போகச் சொல்லிட்டாங்கள். அரிசி எல்லாம் நல்ல விலைக்குப் போயிட்டுது. இதைப் பிள்ளையிட்டைக் குடும். அவளின்ர பங்கு. முன்னுக்கு இருந்து வந்தவள் அவள்தானே, அதை நான் எடுக்க ஏலாது."