கண் இல்லாத மீன்

கூடை சுமந்து மீன் விற்ற காலத்தில் நான் கூவி விற்றதே இல்லை. வெட்கம். எதிரே கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். வாங்க வருகிறவர்கள் குனிந்து மீனின் கண்ணைப் பார்ப்பார்கள். பளிச்சென்று இருந்தால் எடுத்துக்கொள்வார்கள், குழி விழுந்திருந்தால் போய்விடுவார்கள். என் வாய் செய்யவேண்டிய வேலையை மீனின் கண்தான் செய்தது.

முட்டி தேய்ந்தபிறகு கூடையை விட்டுவிட்டேன். காலாப்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டிலேயே மருமகளும் நானும் கருவாடு காயவைத்துப் பாக்கெட் போடுகிறோம். ரெட்டியார்பாளையத்தில் ஒரு மளிகைக்கடைக்காரர், பாக்கெட்டில் பேரும் படமும் போட்ட ஸ்டிக்கர் இருந்தால்தான் வாங்கி வைப்பேன் என்றார். மருமகள் ஸ்டிக்கர் அடிக்கும் சின்ன மெஷின் ஒன்று வாங்கினாள். அதற்கு மை கிடையாது. சூட்டிலேயே கறுப்பாக அடிக்கும். பக்கத்து வீட்டுப் பெண் கம்ப்யூட்டரில் ஒரு வஞ்சிரம் வரைந்து கொடுத்தாள். நீல உடம்பு, சிவப்புக் கண். அழகாக இருந்தது. ஆனால் மெஷின் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

அதனால் டவுனில் ஒரு டிசைன் கடைக்குப் போனோம். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் படத்தைப் பார்த்தாள்.

"இது கோடா போட்ட படம்க்கா. எவ்ளோ பெருசா இழுத்தாலும் மங்காது. உங்க மெஷினுக்குக் கோடு புரியாது, புள்ளிதான் புரியும். ஒண்ணு கறுப்புப் புள்ளி, இல்லன்னா வெறும் பேப்பர். நடுவுல ஒண்ணும் கெடையாது. மாத்தித் தர்றேன்."

மாற்றி, ஒரு தாளில் அடித்துக் கொடுத்தாள். நீலமும் சிவப்பும் ஒன்றாகக் கறுத்துப் போயிருந்தன. செதில், வால், துடுப்பு எல்லாம் சரி. கண் மட்டும் இல்லை.

"சூப்பரா கீது" என்றாள் மருமகள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

நான் கிளம்பவில்லை. இந்த மீனை ஒட்டினால் எங்கள் பாக்கெட்டை யார் எடுப்பார்கள்? கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டால் மருமகள் பட்ட பாடெல்லாம் வீண். ஆனால் ஏசி போட்ட அந்தக் கடையில், கண்ணாடிக் கதவுக்குள் நின்றுகொண்டு, அதைச் சொல்ல வெட்கம். கம்ப்யூட்டர் திரையில் மீனின் தலைமேல் விரலை வைத்தேன். மஞ்சள் கறை ஒட்டிக்கொண்டது. காலையில் கருவாட்டுக்கு மஞ்சள் தடவிய கை.

"ஐயோ ஆயா, தொடாத!" என்று அந்தப் பெண் துடைத்தாள். "என்னா வேணும், வாயத் தொறந்து சொல்லு."

"கண்ணு இல்ல" என்றேன்.

மருமகள் சிரித்தாள். "கருவாட்டுக்கு எதுக்கு அத்த கண்ணு? அதான் செத்துக் காஞ்சி போச்சே!"

"நம்மகிட்ட வாங்குறவங்க அததானே பாப்பாங்க."

மருமகள் சிரிப்பதை நிறுத்தித் தாளை மறுபடி பார்த்தாள். அந்தப் பெண் கறுப்பு உடம்பில் ஒரு வெள்ளை வட்டம் வைத்தாள். ஸ்டிக்கர் அளவுக்குச் சுருக்கியதும் அது காணாமல் போனது. கொஞ்சம் பெரிதாக்கினாள். அப்போதும் போனது. இன்னும் பெரிதாக்கி, நடுவில் ஒரு கறுப்புப் பொட்டும் வைத்தாள். இந்த முறை நின்றது.

"இது மீனா, ஆந்தையா?" என்றாள் மருமகள்.

"பாக்குதுல்ல? அது போதும்" என்றேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த ஸ்டிக்கரை ஒட்டி, மறுநாள் மளிகைக்கடைக்கு எடுத்துப்போனோம். வழக்கம்போல மருமகளுக்குப் பின்னால்தான் நின்றேன். கடைக்காரர் ஒரு பாக்கெட்டைத் தூக்கி, தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"என்னாம்மா இது, மீனு நம்மளயே மொறைக்குது?"

மருமகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நல்ல மீனுன்னா அப்டித்தாங்க பாக்கும்" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே பாக்கெட்டுகளை அலமாரியின் முன் தட்டில், படம் தெரியும்படி நிறுத்தினார். விலையை மருமகளே பேசிக்கொண்டாள்.