தலை காயும் வரை

நர்சு வேலையில் உறக்கம் என்பது நாம் மற்றவர்களுக்குக் கொடுப்பது, நமக்கு வாய்ப்பதில்லை. கால் வீக்கமும் கண் எரிச்சலுமாக வார்டில் நடக்கிற சகோதரிகளே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்ந்த காலத்தில் எனக்கு ஒரே ஆசை: மதராசுக்குப் போய்ப் பிரசவப் பரீட்சை தேறி, பெரிய நர்சாக வேண்டும்.

நின்றுபோன கரண்டி

ஸ்ரீவைகுண்டத்து வயல்காரி ஒருத்திக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியே வேப்பமரத்துக் காற்று. கரண்டி அவள் வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றுவிட்டது. நான் நின்றபடியே ஏதோ ஒரு வாழைத்தோப்புக்குள் போய்க்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து வெள்ளைக்கார டாக்டரம்மா வந்தார். "இப்படியே போனால் உன்னை மதராசுக்கு அல்ல, வீட்டுக்குத்தான் அனுப்புவேன்" என்றார். வீட்டில், மிஷன் சபையில் உபதேசியாரான என் அப்பா மாப்பிள்ளை பார்த்து வைத்துக் காத்திருந்தார். டாக்டரம்மா அந்தப் பக்கம் போனதும் வயல்காரி மெதுவாகச் சொன்னாள்: "பைய கண்ண மூடுங்க தாயி. கஞ்சிய நானே குடிச்சிட்டு எழுப்புதேன்."

அவிழ்த்த கட்டுமரம்

உவரியில் ஒரு பிரசவம். பிள்ளை இறங்கத் தாமதமானால் வீட்டில் ஒரு முடிச்சும் இருக்கக் கூடாது என்பார்கள். பெட்டி, கதவு, கூந்தல் எல்லாம் திறந்தாயிற்று. புருஷன்காரன் கரையில் தன் கட்டுமரத்தின் கயிற்றையே அவிழ்த்துவிட்டு, தனித்தனி மரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். மாமியார்க்காரி என் இடுப்புப் பட்டியையும் கொண்டையையும்கூட விடவில்லை. அவிழ்த்த பிறகுதான், எத்தனையோ நாளாக நான் முழு மூச்சு விடவில்லை என்று தெரிந்தது.

பெண் குழந்தை. அழுகை எது, அலை எது என்று பிரிக்க முடியவில்லை. பட்டியைத் திரும்பக் கட்டப் போனேன். மாமியார்க்காரி ஏற இறங்கப் பார்த்தாள்: "கொஞ்சம் அப்படியே கெடக்கட்டும்மா. ஒங்களுக்கும் மூச்சு வேணும்லா?"

தீட்டு

ஆழ்வார்திருநகரியில் ஓர் ஐயங்கார் வீடு. பிரசவம் பார்த்து முடித்ததும் எனக்குத் தீட்டாம். ஆற்றில் முங்காமல் அவர்கள் வண்டியில் ஏறக் கூடாதாம். எனக்கு மகா கோபம். வேறு வழியில்லாமல் போய் முங்கினேன். தாமிரவருணி கழுத்துவரை வந்து என்னை அப்படியே தூக்கிக்கொண்டது. பொடிமீன்கள் கால் விரலைக் கொத்தின. கோபம் எந்தப் பக்கம் போயிற்றோ தெரியாது. படியில் உட்கார்ந்து முடியை விரித்தேன். காலை வெயில், எங்கோ கோயில் மணி. கேட்டதும் கேட்காததுமாக உறங்கிப்போனேன். வண்டிக்காரரை வீட்டுக்கார அம்மாள் அதட்டுவது மட்டும் காதில் விழுந்தது: "எழுப்பாதேப்பா. ஈரத்தலையோட போனா ஜன்னி கண்டுடும். நன்னாத் தலை காயட்டும்."

டாக்டரம்மாவின் விசாரணை

அதன்பின் எந்த ஊர்ப் பிரசவமானாலும் ஆற்றில் முங்கி, தலை காய்ந்த பிறகுதான் திரும்புவேன். வார்டில் உறங்கி வழிவதும் நின்றது. ஆனால் படித்துறையில் காத்துக்கிடந்த வண்டிக்காரர்கள் வாய் சும்மா இருக்குமா? டாக்டரம்மா கூப்பிட்டார். "உபதேசியார் மகள் தீட்டுப் பார்க்கிறாயாமே?"

மதராஸ் போச்சு என்றே நினைத்தேன். "தீட்டு இல்லையம்மா. கை கழுவ நீங்கள் சொல்லிக்கொடுத்தீர்கள். மற்ற உடம்பும் களைத்துப்போகிறது, அதையும் கழுவுகிறேன்" என்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. "நீ மதராசுக்குப் போ. போகுமுன் அந்தப் படித்துறையை எனக்குக் காட்டு."

பரீட்சை தேறிப் பெரிய நர்சாகத் திரும்பிய பிறகு, பிரசவம் பார்த்த கையோடு ஆற்றுக்கு நானே அனுப்பிய சின்ன நர்சுப் பெண்களை இன்னும் காணோமே என்று வாசலைப் பார்த்தபடி ஒற்றை ஆளாக வார்டைச் சுற்றிக்கொண்டிருப்பது நான்தான்.