வீட்டுக்கு ஒரே பாஸ்வேர்டு

நான் வேலை பார்க்கும் கடப்பாக்கத்துப் பள்ளி சனிக்கிழமைகளில் பன்னிரண்டு மணிக்கே விட்டுவிடும். நாலு மணி வரை உண்டு என்று வீட்டில் சொல்லிவைத்திருந்தேன். பொய்தான். பள்ளி விட்டதும் ஷேர் ஆட்டோ பிடித்து ஆலம்பரைக் கோட்டைக்குப் போய்விடுவேன். இடிந்த சுவரின் நிழலில் செருப்பைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்தால், கழிமுகத் தண்ணீரும் வானமும் ஒரே நிறமாகி, எது நகர்கிறது எது நிற்கிறது என்றே தெரியாமல் போகும். தூரத்தில் ஒரு படகு போகும்; வெகுநேரம் போய்க்கொண்டே இருக்கும். பாதித் தூக்கத்தில் நானும் அதோடு போய்க்கொண்டிருப்பேன். டீச்சர், அண்ணி, அம்மா என்று யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம். அவ்வப்போது போனில் ஒரு படம் எடுப்பேன். யாருக்கும் அனுப்பமாட்டேன். எனக்கே எனக்கு.

அனுப்பாவிட்டால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று நம்பிய அப்பாவி நான்.

எங்கள் திருக்கழுக்குன்றத்து வீட்டில் சோப்பு பொது, சீப்பு பொது, மின்னஞ்சலும் பொது. போன் விற்ற கடைக்காரர், "வூட்டுக்கு ஒரு ஐடி போதும்க்கா. ஆளுக்கு ஒண்ணு வெச்சா மறந்துட்டு பேஜாராயிடும்" என்று சொல்லி, என் போன், கணவர் போன், மாமியார் போன், கூடத்து டிவி எல்லாவற்றிலும் ஒன்றையே போட்டுக் கொடுத்திருந்தார். பாஸ்வேர்டு குலதெய்வத்தின் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று. மறந்துவிடக் கூடாதென்று மாமியார் அதைக் காலண்டர் அட்டையில் எழுதி மாட்டியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லோரும் கூடத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாமியார் ரிமோட்டில் எதை அழுத்தினாரோ, டிவி தானாகப் படங்களைக் காட்ட ஆரம்பித்தது. மணல். சுவர். தண்ணீர். ஒன்று மங்கி அடுத்தது மெல்ல எழுந்து வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, அதுதான் கொடுமை. அடுத்து, மணலில் என் செருப்பு.

"இது உன் செருப்பாச்சே! எங்க கீது இந்த எடம்?" என்றார் மாமியார்.

மென்று விழுங்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்தினி நாளா தனியாவா போயிகினு இருந்த? எங்களாண்ட சொல்லியிருந்தா நாங்களும் வந்திருப்போமே!"

திட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அன்பாகச் சொன்னால் என்ன செய்வது? அடுத்த சனிக்கிழமை வேன் வைத்து, புளிசாதத்தோடு பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். மாமியார் என் நிழலில், என் இடத்தில், காலை நீட்டி உட்கார்ந்து, "சொகமா கீதும்மா. இனிமே மாசாமாசம் வரலாம்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீரைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அந்த வாரமே பள்ளியின் கம்ப்யூட்டர் டீச்சரைப் பிடித்து எனக்கென்று தனி ஐடி போட்டுக்கொண்டேன். பாஸ்வேர்டில் எந்தச் சாமியும் இல்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று காட்டும் வசதியையும் நிறுத்தினேன். பிறகு, அதுவரை திறந்தே பார்த்திராத, வீட்டு ஐடியின் பொது ஆல்பத்தைத் திறந்து, என் படங்களைத் தேடித்தேடி அழித்தேன். அவற்றுக்கு நடுவே நான் எடுக்காத படங்கள் வந்தன.

கணவர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்துக்கு ஊழியர் பஸ் ஓட்டுகிறார். "டிராபிக்" என்று சொல்லித் தாமதமாக வரும் நாட்கள் உண்டு. படங்களில் மாமல்லபுரத்துப் பக்கம் ஏதோ சவுக்குத் தோப்பு. உள்ளே காலி பஸ். காற்றில் எழும்பும் ஜன்னல் திரைகள். கடைசி நீள சீட்டில் படுத்திருக்கும் அவருடைய இரண்டு கால்கள். முப்பது, நாற்பது படங்கள் இருக்கும். எல்லாவற்றிலும் அதே கால்கள், அதே பச்சை வெளிச்சம்.

முதலில் கோபம் வந்தது. நான் இங்கே சோறு வடித்துவிட்டுக் காத்துக்கொண்டிருக்க, இவருக்குத் தோப்பு கேட்கிறதா? பிறகு சிரிப்பு வந்தது. அப்புறம் வெட்கம். டிவி எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்துகொண்டிருந்தேன். சட்டென்று மூடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருடைய போனை வாங்கி, "உங்களுக்கும் தனியா ஒரு ஐடி போட்டுத் தரேன்" என்றேன்.

"எனக்கு இன்னாத்துக்கு? நான் இன்னாத்த மறைக்கப் போறேன்?"

"நீங்க எடுக்கற போட்டோவும் வூட்டு டிவில வரும்."

அவர் முகம் மாறியது. "எல்லாமா?"

"எல்லாந்தான்."

"நீ பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். இனிமே பாக்கமாட்டேன்."

பாஸ்வேர்டு கேட்கும் இடம் வந்ததும் போனை அவர் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். எண்ணவில்லை என்றால் பொய். பாதியில் எண்ணுவதை நிறுத்திக்கொண்டேன்.

முடித்துவிட்டுப் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாசல் வரை போனவர் நின்று, என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:

"நாளைக்கு உனக்கு ஸ்பெஷல் கிளாஸ் கீதுன்னு அம்மாவாண்ட நான் சொல்லிக்கிறேன்."