பாம்பின் தோள் உயரம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் தற்காலிக ஆராய்ச்சி உதவியாளனாக இருந்தேன். எங்கள் துறையில் ஆளாளுக்கு விலங்குகளை இஷ்டத்துக்கு அளந்து வைத்திருந்தார்கள். பறவைக்காரர் இறக்கையை மட்டும் அளந்திருந்தார். ஆட்டுக்காரர் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய், வியாபாரிகள் சொன்னபடியே வயதுக்கு நேராக ‘ரெண்டு பல்’, ‘நாலு பல்’ என்று எழுதி வந்திருந்தார். அந்தக் கணக்கில் கோழிக்கு வயதே கிடையாது.

இத்தனையையும் ஒரே அட்டவணையாக்கும் வேலையைப் பேராசிரியர் என் தலையில் கட்டினார். ஆராய்ச்சிக்குப் பணம் தரும் டெல்லிக் குழு வந்து பார்த்து ஒப்புக்கொண்டால்தான் என் வேலை நீடிக்கும். ஊரப்பாக்கத்தில் எங்கள் வீடு என் ஒருவன் சம்பளத்தில் ஓடியது.

எல்லா உயிருக்கும் ஒரே கேள்விகள் என்றார் பேராசிரியர். தோள் உயரம், காது நீளம், வால் நீளம். பாம்புக்குத் தோள் எது என்று கேன்டீனில் சண்டையே நடந்தது. தலைக்குக் கீழே எங்காவது என்று முடிவானது. இதற்கா படித்தோம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

செருப்பை வெளியே கழற்றிவிட்டு, ஏசி போட்ட கம்ப்யூட்டர் அறைக்குள் போனால் ஆபரேட்டர் கையை விரித்தார். “காலியா வுட்டா மிஷின் எடுக்க மாட்டேங்குது சார். சைபர் போட்டாலும் காலின்னு நெனச்சுக்கினு நிக்குது. எதுனா போட்டுக் குடு சார், ஒரே பேஜாரா கீது.”

பேராசிரியர் அசரவில்லை. “இல்லாத உறுப்புக்கெல்லாம் ஒரு சென்டிமீட்டர் போடுங்க. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி போட்டா அது தப்பில்ல, ஸ்டாண்டர்டு.”

தவளைக்கு வால் வந்தது. மீனுக்குக் காது முளைத்தது. மனிதன் என்ற வரிசைக்கு, கைக்கெட்டிய மனிதன் நான்தான் என்பதால், என்னையே நிற்க வைத்து அளந்தார்கள்.

டெல்லியிலிருந்து வந்து இறங்கிய குழுத் தலைவர் தமிழர்தான். ஒரு கட்டம்கூடக் காலியில்லை என்று பூரித்துப் பக்கங்களைப் புரட்டியவர், மனிதனிடம் வந்து நின்றார்.

“மனுஷனுக்கு வாலா?”

“நேர்ல அளந்தது சார். இவர்தான் சாம்பிள்,” என்று பேராசிரியர் கூசாமல் என்னைக் காட்டினார்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “உங்களுக்கு வால் இருக்கா?”

வீட்டை நினைத்தேன். மானம் ஒரு பக்கம், அரிசி ஒரு பக்கம்.

“இருக்கு சார். ஒரு சென்டிமீட்டர்.”

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு என் பதவி நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: “அடுத்த வருஷமும் அளந்து அனுப்புங்க. வளருதான்னு பார்க்கணும்.”