நலமாம் என்றேன்

ஒரு தாய் சொல்லாததை அவர் சொன்னதாகச் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை; உங்களிடம்தான் சொல்கிறேன்.

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் நான் படித்த முதற்பாடம், ‘ஹவ் ஆர் யூ’ என்பது கேள்வியே அல்ல என்பது. கேட்பவர் பதிலுக்கு நிற்கமாட்டார். பல் வைத்தியர்கூட வாய்க்குள் பஞ்சை அடைத்துவிட்டுத்தான் கேட்பார். நீங்கள் ‘குட்’ என்று முனக வேண்டும். எல்லோரும் நலம்! இந்தக் கண்டத்தின் பெரிய புராணம் அதுதான். நான் அதை நம்பினேனா? இல்லை... ஆனால் நன்றாக ஒப்பித்தேன். அலுவலகத்தில் எனக்கு நல்ல பெயர்.

இலங்கையில் யுத்தம் முடிந்துவிட்டதென்று செய்தி வந்த வாரம். காலையில் எலிவேற்றரில் நானும் என் மனேஜரும் நின்றோம். மொப்பும் வாளியுமாக மலர் அக்கா ஏறினார். எங்கள் மாடியைத் துப்புரவு செய்பவர். மோர்னிங்சைட்டிலிருந்து இரண்டு பஸ் பிடித்து வருபவர். வழக்கமான சிரிப்போடு, சுகமா அக்கா என்றேன். பதிலை எதிர்பார்த்தா கேட்டேன்? சத்தியமாக இல்லை.

அவரோ வாளியைக் கீழே வைத்தார்.

“இல்லைத் தம்பி, சுகமில்லை. மகள் வன்னியிலை. முகாமிலை இருக்கிற ஆக்களின்ரை பேர் வந்திருக்காம். அவளின்ரை பேரும் இருக்கோ எண்டு உங்கடை கொம்பியூட்டரிலை ஒருக்காப் பாத்துச் சொல்லுவியளோ?”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மனேஜர் பதறிப்போய், இவருக்கு என்ன, ஏதும் உதவி வேண்டுமா என்று என்னிடம் கேட்டார். பாருங்கள், அந்த மனிதர் உண்மையாகவே கேட்டார்!

எங்கள் சனம் யுத்தத்தை எதிர்த்து ரொறன்ரோத் தெருக்களில் இறங்கிக் கத்திக்கொண்டிருந்த நாட்கள் அவை. அலுவலகத்தில் நான் அந்தச் சனத்தை அறியாதவன்போலத் திரிந்தேன். இப்போது உண்மையைச் சொன்னால் நானும் அவர்களில் ஒருவன் என்று தெரிந்துவிடுமே... பதவி உயர்வு வரப்போகிற சமயம் வேறு.

“ஷீ இஸ் குட்” என்றேன். நலமாக இருக்கிறாராம் என்றேன்.

கதவு திறந்தது. ‘குட்’ என்ற சொல் விளங்காத அகதி இந்த ஊரில் யார்? அக்கா என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். ஏசவில்லை... ஏசியிருக்கலாம்.

அன்று முழுவதும் கணினி என் முன்னால்தான் இருந்தது. ஐந்து நிமிட வேலை. தேடுவதற்கு மகளின் பெயர் வேண்டும். அதை நான் போய்க் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. பிறகு எந்த முகத்தோடு கேட்பது?

பல வருடங்கள் ஓடிவிட்டன. அவர் இன்னும் எங்கள் மாடிக்கு வருகிறார். என்னைக் கண்டால், நான் வாய் திறக்குமுன்பே, “குட், தம்பி” என்று சொல்லிக் கடந்துபோகிறார். மகள் இருக்கிறாளா, இல்லையா... எனக்குத் தெரியாது.