கடைசிப் பக்கத்திலிருந்து

ருக்மணி எந்தச் சரித்திரப் புத்தகத்தையும் பின்னாலிருந்துதான் திறப்பார். மாவு ஒட்டிய விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கடைசி அத்தியாயத்தில் வைத்து, எழுத்துக் கூட்டி வாசிப்பார். நாலைந்து தாள் தாண்டியதும் மூடித் தள்ளிவிடுவார். "இதுல இல்ல. வேற பாருங்க."

எது இல்லை என்று மலாக்காவின் காஜா பெராங்கில் யாரும் கேட்பதில்லை. யுத்தம் புத்தகத்தின் கடைசியில்தானே வரும்.

நாற்பதை நெருங்கும் வயது. இடியப்பம் பிழிந்து விற்பது தொழில். பேரம் பேசுகிறவர்களுக்கு விலையைக் குறைக்க மாட்டார். கூடுதலாக ஒன்று வைத்துக் கொடுத்துவிட்டு, பிறகு ஒரு வாரம் அவர்களோடு பேச மாட்டார். "அவளுக்கு வாய்தான் பேரம் பேசுது. வயிறு என்ன பாவம் பண்ணிச்சு?" என்பார்.

நெற்றியில் காசளவு குங்குமம். கணவர் மருதமுத்துவை ஜப்பான்காரன் காலத்தில் புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றி, சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். அப்போது மகள் மல்லிகா வயிற்றில். அதன்பிறகு கடிதமும் இல்லை, தகவலும் இல்லை. சயாமிலிருந்து திரும்பி வந்தவர்களில் அவரைப் பார்த்ததாகச் சொன்னவர் ஒருவருமில்லை. பொட்டைப் பற்றி ஊர் முதுகுக்குப் பின்னால் பேசும். ஒருத்தி ஒருநாள் நேரிலேயே கேட்டாள். "பார்த்தவுங்க யாராச்சும் வந்து சொல்லட்டும், அழிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

தம்பினிலிருந்து மலாக்காவுக்கு வந்த ரயில் பாதையின் தண்டவாளங்களையும் ஜப்பான்காரன் பெயர்த்துச் சயாமுக்கே அனுப்பினான். வெறும் மேடு மட்டும் கிடக்கிறது. அதன் மேல் கூடையோடு நடக்கும்போது சில நாள் தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்: "ஆளையும் எடுத்தான், தண்டவாளத்தையும் எடுத்தான். ரெண்டும் ஒரே எடத்துக்குத்தான் போச்சு."

மல்லிகா பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தியவரும் ருக்மணிதான். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நல்லையா தம் இரண்டு பெண்களையும், கடைக்கார அப்துல் கய்யூம் தம் மகள் மும்தாஜையும் அப்படித்தான் வீட்டோடு வைத்தார்கள். படிப்பு போனது மூன்று வீட்டுக்கும் உறுத்தியது. கடைசியில் ஆம்பிளை இல்லாத வீடு என்பதால் ருக்மணி வீட்டு முன்னறையே வகுப்பாயிற்று. நல்லையா பாடம் சொல்வார், கய்யூம் புத்தகம் தேடிக் கொண்டுவருவார், எதைப் படிப்பது என்று வீட்டுக்காரி சொல்ல வேண்டும். தேறிய புத்தகத்தின் முதல் பக்க மூலையில் ருக்மணி குங்குமம் வைப்பார். மும்தாஜின் பிரதியை மட்டும் குங்குமம் வைக்காமல் கண்ணில் ஒற்றிக் கொடுப்பார். கணக்கையும் பூகோளத்தையும் திறந்தே பார்க்கவில்லை. உலக சரித்திரம் வந்தபோதுதான் கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

முதல் புத்தகம் முழுக்க இங்கிலாந்து ராஜாக்களின் முடிசூட்டல். மதராஸிலிருந்து வந்த இரண்டாவது, யுத்தம் தொடங்கும் முன்பே முடிந்துவிட்டது. அதற்குள் இங்கே கொடி மாறி சுதந்திரமும் வந்துவிட்டது. பிள்ளைகளிடம் சரித்திரப் புத்தகம் மட்டும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கய்யூம் மூன்றாவதைக் கொண்டுவந்தார். "இதுக்கும் மேல வேணும்னா நான்தான் உக்காந்து எழுதணும் தங்கச்சி. எனக்கு எழுத வர்றது 'இன்று ரொக்கம், நாளை கடன்' மட்டும்தான்."

நல்லையா சிரிக்கவில்லை. "பிள்ளை, பரீட்சை கிட்ட வந்திட்டுது. இண்டைக்கு முடிவு சொல்லும். இல்லையெண்டால் நான் சரித்திரத்தை விட்டுப்போட்டு என்ர பிள்ளையளுக்குத் தையல் பழக்கப் போறன்."

சரித்திரம் இல்லாமல் பரீட்சை தேறாது. தேறாவிட்டால் மல்லிகா ஆசிரியப் பயிற்சிக்குப் போக முடியாது. தகப்பனைப் போலத் தோட்டத்துக் கித்தா மரத்தில் ரப்பர்ப் பால் வெட்டத்தான் போக வேண்டும். இது ருக்மணிக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பின்னாலிருந்து திறந்தார். மூன்றாம் தாளில் விரல் நின்றது. அங்கிருந்த ஒரு சொல்லை இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, புத்தகத்தை மகளிடம் நீட்டினார். "சத்தமா படி."

மல்லிகா படித்தாள்: "இக்காலத்தில் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை அமைத்தனர்."

"அப்புறம்?"

"அப்புறம் ஜப்பான்ல குண்டு போட்டது வருதும்மா."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணுமில்ல."

ருக்மணி வாசல் பக்கம் திரும்பிச் சொன்னார். "ஜப்பான்காரனா போட்டான்? அவன் சப்பாத்தோட நின்னு பார்த்தான்."

கய்யூம் மெல்லச் சொன்னார். "ஓரத்துல எடம் இருக்கு தங்கச்சி. நாமளே எழுதிட்டா என்ன?"

"எழுதலாம் பாய். பரீட்சையில அதை எழுதினா மார்க்கு போடுவாங்களா?"

நல்லையா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய பேச்சில் இப்போது அவசரம் இல்லை. "போடமாட்டினம் பிள்ளை. புத்தகத்தில கிடக்கிறதைத்தான் கேப்பினம்."

மல்லிகாதான் சொன்னாள். "புத்தகத்துல உள்ளத பரீட்சைக்கு எழுதுறேம்மா. மிச்சம் எனக்குத் தெரியும்."

ருக்மணி மகளையே பார்த்தார். பிறகு நல்லையா பக்கம் திரும்பி, "இதையே வெச்சுக்கலாங்க" என்றார்.

மல்லிகா எழுந்துபோய்க் குங்குமச் சிமிழை எடுத்துவந்து, முதல் பக்கத்தைப் பிரித்துப் பிடித்தாள். ருக்மணி சிமிழைத் தொடவில்லை. தாள்களைக் கற்றையாகப் புரட்டி அந்தப் பக்கத்துக்கே போனார். மோதிர விரலைத் தன் நெற்றியில் அழுத்தி எடுத்து, "அமைத்தனர்" என்று முடியும் இடத்தில் ஒற்றினார். நெற்றியில் பாதிப் பொட்டு இருந்தது.