கடிகாரக்காரர் போட்ட மெட்டு

எங்கள் மாமாவுக்குப் பொன்மலை ரயில்வே ஆபீசில் குமாஸ்தா வேலை. அது வயிற்றுப்பாட்டுக்கு. மற்றபடி அவர் தன்னைப் பாலக்கரைப் பக்கத்தில் இருந்த எங்கள் சின்ன மாதா கோயிலின் ஆர்மோனியக்காரர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்குத் தம்பி, கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை செபமாலை முடிந்ததும் நற்கருணை ஆசீர்வாதம் நடக்கும். சாமியார் நற்கருணை அப்பம் வைத்த கதிர்ப்பாத்திரத்தைத் தூக்கி எங்களை ஆசீர்வதிப்பதற்கு முன்னால் லத்தீனில் ஒரு பாட்டு உண்டு. வார்த்தைகள் எப்போதும் அவையேதான். அர்த்தம் பாடுகிறவர்களுக்கும் தெரியாது, கேட்கிறவர்களுக்கும் தெரியாது. மெட்டு மட்டும் வாரத்துக்கு வாரம் மாறும். மாமாவின் கறுப்பு அட்டைப் புத்தகத்தில் அந்த ஒரு பாட்டுக்கே முப்பது மெட்டுக்கு மேல் இருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் மெட்டுப் போட்டவரின் பெயர். பிரெஞ்சுக்காரர், இத்தாலிக்காரர், ஜெர்மன்காரர். மாமா அவர்களையெல்லாம் பக்கத்துத் தெருக்காரர்கள் மாதிரிப் பேசுவார். ஒருவர் அவசரக்காரர், இன்னொருவர் தொட்டதற்கெல்லாம் அழுகிறவர்.

அந்தப் பெயர்களுக்கு நடுவே தன் பெயரும் வரவேண்டும் என்பது மாமாவின் ஆசை. வரமுடியாது என்பதும் அவருக்குத் தெரியும். பெரிய சாமியார் பிரெஞ்சுக்காரர், நல்லவர், ஆனால் புத்தகத்தில் இல்லாத எதையும் கோயிலுக்குள் விடமாட்டார். மாமா இரண்டு முறை கேட்டுப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்.

எனக்கு ஒன்பது வயதானபோது மாமா ஒரு மெட்டுப் போட்டார். ஸ்ரீரங்கத்தில் ஆபீஸ் சிநேகிதர் ஒருவர் வீட்டுக்குப் போய்விட்டுக் கோபுரத்தைத் தாண்டி சைக்கிளில் வரும்போது உள்ளே யாரோ நாகஸ்வரம் வாசித்தார்களாம். அதில் ஓர் இழுப்பு காவிரிப் பாலம் முடியும்வரை கூடவே வந்ததாம். அதை வைத்து ஆறு வாரம் கோயில் ஆர்மோனியத்தோடு மல்லுக்கட்டினார். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் சுரங்களுக்குக் கீழே லத்தீன் வார்த்தைகளை நான்தான் எழுதினேன். மேலே பெயர் எழுதும் இடம் வந்ததும் மாமா சுவரைப் பார்த்தார். அங்கே தாத்தா புதுச்சேரியிலிருந்து வாங்கி வந்த கடிகாரம் இருந்தது. அதன் முகத்தில் அதைச் செய்தவரின் பெயர் பிரெஞ்சில் இருந்தது.

"அந்தப் பேரை எழுது. யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது" என்றார் மாமா.

கடிகாரக்காரர் இசையமைப்பாளர் ஆன கதை இதுதான். பழைய புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்தெழுதியது என்று மாமா சொன்னார். சாமியாரும் அனுமதித்தார்.

அடுத்த ஞாயிறு அதைப் பாடினோம். ஆசீர்வாதம் முடிந்ததும் பெரிய சாமியார் தூபத்தின் வாசனையோடு நேரே ஆர்மோனியத்துக்கு வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"சின்ன வயசுல எங்க ஊர்க் கோயில்ல இதைத்தான் பாடுவாங்க. நான் எங்கம்மா பக்கத்துல நிப்பேன்" என்றார்.

அவர் ஊரை விட்டு வந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது. மாமா எழுந்து நின்று, "ஆமாங்க சாமி" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு எல்லாப் பெரிய திருநாளுக்கும் அந்த மெட்டுத்தான்.

இரண்டு வருஷம் கழித்துக் காலம் மாறியது. இனி அந்தந்த ஊர்ப் பாஷையிலேயே பாடலாம் என்று ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்தது. பெரிய சாமியாருக்கு உடம்பு முடியாமல் போய், பொறுப்பெல்லாம் இளம் சாமியார் ஒருவர் கைக்கு வந்தது. அவர் மதுரைப் பக்கத்துக்காரர். ஒரு ஞாயிறு பாட்டுக்குழுவை உட்காரவைத்து, "இனிமே வெளிநாட்டு மெட்டு ஒண்ணும் வேண்டாம். நம்ம ஆளுங்க போட்ட மெட்டு இருந்தா சொல்லுங்க, அதுக்கே தமிழ் வார்த்தை எழுதிக்கலாம்" என்றார். பெரிய சாமியார் ஒரு நாற்காலியில் கைத்தடியோடு உட்கார்ந்திருந்தார்.

மாமா சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் ஆர்மோனியத்தின் துருத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சாமி, திருநாளுக்குப் பாடுவோமே, அது எங்க மாமா போட்டது. அந்தப் பேரு எங்க வீட்டுக் கடிகாரத்துல இருக்கிற பேரு."

இளம் சாமியார் மாமாவைப் பார்த்தார். "நிஜமாங்க? அப்படின்னா அதை விடவே வேணாமே."

மாமா பெரிய சாமியாரின் பக்கம் ஒருமுறை திரும்பினார். "புள்ள என்மேல இருக்கிற ஆசையில சொல்லுதுங்க சாமி. அது பெரிய சாமி ஊரு மெட்டுதான்."

அத்தோடு அந்த மெட்டின் கதை முடிந்தது. வரும் ஞாயிறு கடைசியாக ஒருமுறை பாடிவிட்டு விட்டுவிடுவது என்று முடிவாயிற்று. திங்கட்கிழமை பெரிய சாமியாரை மலைமேல் இருக்கும் மடத்துக்கு அனுப்புகிறார்கள், அவருக்காக என்றார்கள்.

விஷயம் கேள்விப்பட்ட அம்மா வீட்டில் என் காதைத் திருகினாள். கோயிலுக்குள்ளேயே பொய் சொன்னதற்குச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்தாகவேண்டும் என்றாள். மாமா அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அவரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காமல் போயிற்று.

சனிக்கிழமை இளம் சாமியாரிடம் நீண்ட வரிசை. பெரிய சாமியார் பாவம் கேட்கும் மரக்கூண்டுக்கு முன்னால் ஆளே இல்லை. முழந்தாளிட்டு, சல்லடைத் துளை வழியாக, பொய் சொன்னதாக அம்மா அனுப்பினாள் என்றேன்.

"சொன்னது பொய்யா?"

"இல்லீங்க சாமி. சத்தியமா மாமாதான் போட்டாரு. நாந்தான் எழுதினேன். ஸ்ரீரங்கத்துல கேட்ட நாகஸ்வரத்துலேருந்து எடுத்தாரு."

உள்ளே கைத்தடி நழுவி விழுந்தது. தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு, "இதுக்குப் பாவமன்னிப்பு வேண்டாம், போ" என்றார்.

துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நாளைக்கு அவர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுவார், மெட்டு பிழைத்துவிடும்.

மறுநாள் பாடினோம். மாமா அன்று வாசித்ததுபோல் அதற்கு முன்பும் வாசித்ததில்லை, பின்பும் வாசித்ததில்லை. முடிந்ததும் பெரிய சாமியார் கைத்தடியை ஊன்றி ஆர்மோனியத்துக்கு வந்தார்.

"உங்க ஊரு மெட்டு, கடைசியா ஒரு தடவை கேட்டுட்டீங்க சாமி" என்றார் மாமா.

பெரிய சாமியார் வாயைத் திறந்தார், மூடினார். என்னைப் பார்க்கவே இல்லை. "ஆமா, எங்க ஊர் மெட்டு" என்றார். மாமாவின் தலைமேல் கையை வைத்தார். ஆசீர்வாதத்துக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை. மாமாவின் முதுகு குனிந்தபடியே இருந்தது.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. நேற்று நிஜத்தைக் கேட்டுக்கொண்டு இன்று இப்படிச் சொல்கிறாரே! திங்கட்கிழமை எல்லோரும் அவரை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனபோது நான் மட்டும் போகவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் கேட்ட பாவத்தைச் சாமியார் உயிர் போனாலும் வெளியே சொல்லக்கூடாது என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருந்தேன்தான். நான் சொன்னது பாவமில்லையே, அதை வெளியே சொன்னால் என்ன என்று அந்த வயதில் நினைத்தேன்.